கண்ணால் அளந்த தூரம்



தோட்டத்து வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டூடியோவில் எடுத்த படமென்றால் மாப்பிள்ளையின் மீசை முடிகூடத் தெளிவாகத் தெரியும். லயத்து வாசலில் யாராவது உறவினர் எடுத்த படமென்றால், பாட்டியின் முகம் கலங்கலாகவும், பின்னால் நிற்கும் முருங்கைமரம் இலை இலையாகவும் விழுந்திருப்பதுண்டு. "மட்டமான கேமரா, கண்ணாடி சரியில்லை" என்பார்கள். கண்ணாடி சரியில்லையென்றால் மரம் எப்படித் தெளிவாக விழுந்தது? எடுத்தவர் தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார், அவ்வளவுதான். பாட்டிக்கு அது ஒன்றே படமாக இருக்குமானால், அந்தச் சிறு தப்பு எவ்வளவு பெரிய இழப்பு!

இந்தத் தூரக் கணக்கோடு தொடர்புடைய ஒரு தொழில் சிங்கப்பூரில் பத்தாண்டு நடந்தது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பிரிட்டன் தன் படைத்தளங்களைச் சிங்கப்பூரிலிருந்து விலக்கிக்கொள்வதாக 1968இல் அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர். அத்தனை குடும்பங்களுக்கும் வேறு பிழைப்பு வேண்டுமே! அரசு வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் தேடி அழைத்தது. ஜெர்மனியில் பிரவுன்சுவைக் நகரத்து ரோலை நிறுவனமோ அப்போது கூலி உயர்வாலும் ஜப்பானியக் கேமராக்களின் போட்டியாலும் திணறிக்கொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது இங்கே ஆலை அமைத்தது. 1973இல் அரசோடு சேர்ந்து ஒரு தொழிற்பயிற்சி நிலையமும் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஜெர்மானியர் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண்ணாடி வேலையை நம் ஊர்ப் பிள்ளைகள் சில ஆண்டுகளில் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே செய்யப்பட்டவற்றுள் பேர்பெற்றது ரோலை 35. ஹைன்ஸ் வாஸ்கெ என்பவர் வடிவமைத்து 1966இல் வெளிவந்த கேமரா அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் டெசார் வில்லையில் நான்கே கண்ணாடிகள். பவுல் ருடால்ப் என்ற அறிஞர் 1902இலேயே வகுத்த அமைப்பு. கையில் காசு குறைந்தவர்களுக்கென்று பி 35 என்று ஒரு தம்பியும் உண்டு. அதில் டிரையோட்டார் என்ற மூன்று கண்ணாடி வில்லை.

அண்ணனானாலும் தம்பியானாலும், 'தெளிவாகிவிட்டது, இனி எடு' என்று சொல்லும் ஏற்பாடு எதுவும் உள்ளே கிடையாது. எதிரே நிற்பவர் எத்தனை அடி தள்ளி இருக்கிறார் என்று கண்ணால் மதித்து, வில்லையின் வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்பவேண்டும். பால்மரத்தில் பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்று உங்கள் கைக்குத் தெரிகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். விலையில் குறைந்ததை மனிதன் தன் பழக்கத்தால் ஈடுகட்ட வேண்டும்.

அதற்கு ஒரு துணையும் இருக்கிறது. வில்லைக்குள் ஒளி நுழையும் துளையைச் சுருக்கினால், தெளிவாக விழும் இடம் முன்னும் பின்னும் நீளும். வளையத்தைப் பத்தடிக்கு வைத்து, துளையை முழுதும் திறந்து 3.5இல் எடுத்தால், எட்டடிக்குச் சற்று அப்பாலிருந்து பன்னிரண்டு அடிக்குச் சற்று மேல் வரை உள்ளது மட்டுமே தெளிவாக வரும். அதையே 8க்குச் சுருக்கினால் ஏறத்தாழ ஏழடி முதல் பதினெட்டு அடி வரை தெளிவு. வெயிலில் எடுத்தால் கணக்கு இரண்டடி பிசகினாலும் பாதகமில்லை. மூன்று கண்ணாடி வில்லைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. முழுதும் திறந்தால் அதன் படத்தில் நடு தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் இருக்கும். சுருக்கினால் ஓரமும் தேறிவிடும்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் நின்றால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் தேங்க் சாலை முருகன் கோயிலுக்குப் புறப்படும். ஆடிவரும் காவடியைத் துரத்தித் துரத்தி வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் கிடைக்காது. பழகியவர் பத்தடிக்கு வைத்துவிட்டு, சாலையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, காவடி அங்கே வரும்வரை காத்திருப்பார். வந்ததும் ஒரே அழுத்து. கண்ணுக்கு எட்டியபடி யந்திரம் தேடித் தடுமாறும் நேரம் இதில் இல்லை.

பகலில் இந்த உபாயம் போதும். விளக்கு வைத்த பிறகு அதே வில்லை கைவிட்டுவிடும். ஒளி போதாமல் துளையைத் திறந்தாகவேண்டும். திறந்தால் தெளிவான இடம் சுருங்கிவிடும். தீபாவளி அலங்கார விளக்குகள் எதிரே இருந்தால் படத்தின்மேல் புகைபோல ஒரு படலமும் விழும். ஓடுகிற குழந்தையை வீட்டுக்குள் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1977இல் ஜப்பானின் கோனிக்கா நிறுவனம் தூரத்தைத் தானே அளந்துகொள்ளும் சிறு கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரலால் அழுத்தத் தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது. ரோலையின் சிக்கல் அது ஒன்றே அல்ல. கடனும் கூடி, அளவுக்கு மீறிய விரிவாக்கமும் சேர்ந்து, 1981இல் தாய் நிறுவனம் நொடித்தது. சிங்கப்பூர் ஆலையும் மூடப்பட்டது. கண்ணாடி தேய்க்கக் கற்றவர்கள் வேறு ஆலைகளில் வேறு தொழில் தேடிப் போனார்கள். அவர்கள் கற்றதைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

அவர்கள் செய்த பொருள்கள் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை. தானியங்கிகள் வந்தபின் கையால் திருப்பும் வில்லைகளைக் கேட்பார் குறைந்து விலை விழுந்தது. லிட்டில் இந்தியாவை அடுத்த சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை பழைய கைக்கடிகாரம், ரேடியோ, கேமரா எல்லாம் தரையில் விரித்து விற்ற இடம். 2008க்குப் பின் வந்த, உள்ளே ஆடி இல்லாத மின்னணுக் கேமராக்களில் ஓர் இணைப்பு வளையத்தை மாட்டி, ரோலையின் 50 மில்லிமீட்டர் பிளானார் போன்ற பழைய வில்லைகளை இளைஞர்கள் மறுபடி திருப்பத் தொடங்கினார்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால், தாத்தா காலத்துக் கண்மதிப்பு இவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வாங்க நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். வில்லையின் ஒரு பக்கம் டார்ச் விளக்கை அடித்து மறுபக்கம் வழியே பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலைபோல் வெள்ளையாகத் தெரியும். மேலோட்டமாக இருந்தால் கழற்றித் துடைத்துவிடலாம். கண்ணாடியையே அரித்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.