நாலு கடிதம், ஒரு நாஷ்!

ஒரு காலேஜிலும் இடம் கிடைக்காதவனின் கவலை எல்லோருக்கும் புரியும். நாலு இடத்தில் கிடைத்துவிட்டு, எதில் சேருவது என்று தவிக்கிறவனைப் பார்த்தால் மட்டும் எரிச்சல்தான் வரும். ‘கொழுப்பைப் பாரு!’ என்போம். ஆனால், அந்தத் தவிப்பும் நிஜம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற மூன்று கதவையும் நம் கையாலேயே சாத்த வேண்டுமே!

1948-ல் 19 வயது ஜான் நாஷ் இந்த நிலைமையில்தான் இருந்தார். 2001-ல் வந்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில் ரஸ்ஸல் க்ரோ நடித்தாரே, அதே கணித மேதை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் புளூஃபீல்ட் என்ற சின்ன ஊர். அப்பா எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். பையன் பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி டெக்கில் கெமிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். பிடிக்கவில்லை. கெமிஸ்ட்ரிக்குத் தாவினார். அதுவும் ஒத்துவராமல் கடைசியில் கணக்கு! மேற்படிப்புக்கு புரொஃபசர் டஃபின் கொடுத்த சிபாரிசுக் கடிதம் ரொம்பச் சின்னது. ‘பையன் கணித மேதை’ என்பதுதான் அதன் சாரம்.

ஹார்வர்ட், பிரின்ஸ்டன், சிகாகோ, மிச்சிகன்... நாலுமே கூப்பிட்டன.

பேரும் புகழும் என்று பார்த்தால் ஹார்வர்ட். ஆனால், ஒரு சிக்கல். ‘புட்னம்’ என்ற கணிதப் போட்டியில் நாஷ் முதல் ஐந்து பேருக்குள் வரவில்லை. அந்தத் தோல்வி அவருக்கு ஆறாத காயம். ஹார்வர்ட் தருவதாகச் சொன்ன உதவித்தொகையைவிட பிரின்ஸ்டன் தொகை கொஞ்சம் கூடுதல். புட்னத்தில் ஜெயிக்காததுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

அதோடு பிரின்ஸ்டனிலிருந்து புரொஃபசர் டக்கர் ஒரு கடிதம் போட்டார். ‘இங்கே வந்துடுப்பா’ என்கிற தோரணையில். மூன்றாவது காரணம்... புளூஃபீல்டிலிருந்து பிரின்ஸ்டன் கிட்டே. வீட்டாருக்கும் நிம்மதி.

பணம், ஒரு கடிதம், வீட்டுக்குப் பக்கம். ‘ஒரு மேதை யோசிக்கிற லட்சணமா இது?’ என்று தோன்றலாம். பி.காம். படித்த எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. ரெண்டு கடையிலும் சரக்கு ஒரே தரம் என்றால், விலையையும் தூரத்தையும், கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்பதையும்தானே பார்ப்போம்?

போன இடத்தில் என்ன நடந்தது? ‘கேம் தியரி’ அப்போதுதான் சூடுபிடித்திருந்த துறை. 1944-ல் அதுபற்றிப் பெரிய புத்தகம் எழுதிய வான் நாய்மன், மோர்கன்ஸ்டெர்ன் இருவருமே அந்த ஊரில்தான் இருந்தார்கள். கடிதம் போட்ட டக்கரே வழிகாட்டி ஆனார். 1950-ல் 28 பக்கத்தில் ஒரு ஆய்வேட்டைக் கொடுத்தார் நாஷ். அதற்காகத்தான் 1994-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹார்வர்டுக்குப் போயிருந்தாலும் ஜெயித்திருக்கலாம். யார் கண்டது?

ஆனால், கதை அங்கே முடியவில்லை. எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தபோது, 1959-ல் மனச்சிதைவு நோய் தாக்கியது. ஆஸ்பத்திரி, விவாகரத்து, ஊர் ஊராக அலைச்சல். கடைசியில் அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டவர், விவாகரத்தான மனைவி அலிசியாதான். வீடு இருந்தது பிரின்ஸ்டன் பக்கம். பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நாஷ் பேய் மாதிரி நடமாடுவார். கரும்பலகையில் புரியாததையெல்லாம் கிறுக்கிவைப்பார். யாரும் விரட்டவில்லை. லைப்ரரியில் உட்கார விட்டார்கள். மெள்ள மெள்ளத் தெளிந்தார் மனுஷன்.

2001-ல் அலிசியாவை மறுபடியும் மணந்தார். 2015-ல் நார்வேயில் ஏபெல் பரிசு வாங்கிவிட்டுத் திரும்பும்போது டாக்ஸி விபத்தில் இருவரும் ஒன்றாகவே இறந்துபோனார்கள்.

உதவித்தொகை நாலே வருஷத்தில் தீர்ந்துவிடும். ஹார்வர்டா, பிரின்ஸ்டனா என்ற பெருமையும் கொஞ்ச நாளைக்குத்தான். ‘நீ வா’ என்று மனசாரக் கூப்பிட்ட இடம், நாம் நொடிந்து நிற்கும்போதும் ஒரு நாற்காலி போட்டுவைக்கும். கையில் நாலு கடிதம் வைத்திருக்கும் பிள்ளைகளே... ரேங்க் பட்டியலைப் பார்த்த பிறகு, கடிதத்தையும் இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்!