மாமா வீட்டுச் சுவரில் வி.வி.கிரி

தா.பழூரில் என் மாமா, வங்கிக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் வி.வி.கிரி படம். "ஜனாதிபதிங்கிறதுக்காக மாட்டலப்பா. ராஜினாமா பண்ணினாரே, அதுக்காக" என்பார்.

1894-ல் பெர்ஹாம்பூரில் பிறந்த கிரி, அயர்லாந்தில் சட்டம் படித்துத் திரும்பி, ரயில்வே தொழிற்சங்கத்தில் இறங்கியவர். 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சென்னை மாகாணத் தொழிலாளர் மந்திரி. 1952-ல் நேருவிடமும் அதே இலாகா.

டிரிப்யூனல் என்று அலையாமல் முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் பேசித் தீர்க்கட்டும் என்பது அவர் கட்சி. 'கிரி அணுகுமுறை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

1954-ல் வங்கி ஊழியர் சம்பள வழக்கில் மேல்முறையீட்டு டிரிப்யூனல் கொடுத்த தீர்ப்பை, மத்திய அரசு ஊழியருக்குப் பாதகமாகத் திருத்தியது. டிரிப்யூனலே வேண்டாம் என்றவர், அதன் தீர்ப்புக்காக மந்திரி பதவியை விட்டார்! இது முரண்பாடா? எனக்குத் தோன்றவில்லை. பொதுவாக வைத்த நடுவரின் முடிவிலேயே கை வைத்தால், அப்புறம் எவன் பேச உட்காருவான்? (ஆலையில் போனஸ் பேச்சில் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்கிறவன் நான். பட்டுத்தான் சொல்கிறேன்.)

விசாரணைக் கமிஷன் போட்டு, 1955-ல் சட்டம் செய்து, அந்தத் தீர்ப்பைச் சில மாற்றங்களோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். கிரி 1969-ல் ஜனாதிபதியானார்.

1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியபோது ராஷ்டிரபதி பவனில் இருந்தவரும் அவர்தான். அதைக் கேட்டால் மட்டும் மாமா, "காபி சாப்பிடறியா?" என்று எழுந்து போய்விடுவார்.