தெஉச்சி சோபா

தெஉச்சி சோபா என்பது பக்வீட் எனப்படும் தானியத்தின் மாவை நீர் விட்டுப் பிசைந்து, உருளைக்கட்டையால் மெல்லிய தாளாக விரித்து, மடித்து, கத்தியால் இழை இழையாக வெட்டிக் கையாலேயே செய்யப்படும் ஜப்பானிய நூடுல்ஸ் ஆகும். கோதுமை மாவைப் போன்ற இழுவைத் தன்மை பக்வீட் மாவுக்கு இல்லை. எளிதில் உதிர்ந்துவிடும் இம்மாவை நீளமான, அறுபடாத இழைகளாக மாற்றுவதே இக்கைவினையின் அடிப்படைச் சிக்கலாகும். இதில் பயன்படும் கருவிகளும், செய்முறையின் ஒவ்வொரு படிநிலையும் இச்சிக்கலுக்குத் தீர்வாக உருவானவையே.

பெயர்

ஜப்பானிய மொழியில் "சோபா" என்பது பக்வீட் தாவரத்தையும், அதன் தானியத்தையும், அதிலிருந்து செய்யப்படும் நூடுல்சையும் குறிக்கும். "தெ" என்றால் கை. "உச்சி" என்பது அடித்தல் எனப் பொருள்படும் வினையிலிருந்து வந்தது. இயந்திரத்தால் செய்யப்படும் சோபாவிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே இப்பெயர் வழங்குகிறது. மாவை வெட்டிச் செய்யும் நூடுல்சுக்கு "சோபாகிரி" (வெட்டிய சோபா) என்பது பழைய பெயராகும். தமிழில் இருக்கையைக் குறிக்கும் சோபா என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூலப்பொருள்

பக்வீட், நெல், கோதுமை ஆகியவற்றைப் போலப் புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பாலிகோனேசியே குடும்பத்தைச் சேர்ந்த இத்தாவரத்தின் அறிவியல் பெயர் பாகோபைரம் எசுக்குலெண்டம் என்பதாகும். வட இந்தியாவில் நவராத்திரி நோன்பு நாட்களில் உண்ணப்படும் "குட்டு" மாவும் பக்வீட் மாவே. இது குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் வளம் குறைந்த நிலத்திலும் விளையக்கூடியது. விதைத்து ஏறத்தாழ 70 முதல் 80 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். இதனால் நெல் பொய்த்த காலங்களில் இது கைகொடுக்கும் பயிராக விளங்கியது. ஜப்பானில் இது மிகுதியாக விளைவது ஹொக்கைடோவில் ஆகும். எனினும் நாட்டின் தேவையில் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுகிறது.

தானியத்தின் மூன்று முனை கொண்ட கரிய உமியை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை அரைத்து மாவு பெறப்படுகிறது. அரைக்கும்போது முதலில் உடைந்து வருவது பருப்பின் நடுப்பகுதி. பின்னர் படிப்படியாக வெளிப்பகுதிகள் வரும். இதனால் ஒரே தானியத்திலிருந்து பல தர மாவுகள் கிடைக்கின்றன.

- முதல் மாவு: வெண்மையானது. மாச்சத்து மிகுந்தது, புரதம் குறைவு, மணமும் குறைவு. சராஷினா எனப்படும் வெண்ணிறச் சோபா இத்தகைய மாவிலிருந்து செய்யப்படுகிறது.
- இரண்டாம் மாவு: இளம்பச்சை கலந்த நிறம் உடையது. மணமும் புரதமும் சமநிலையில் அமைந்தது.
- மூன்றாம் மாவு: கருமை கூடியது. நார்ச்சத்தும் புரதமும் மிகுந்தது; மணம் கடுமையானது.
- ஹிகிகுருமி: பருப்பு முழுவதையும் பிரிக்காமல் அரைத்த மாவு.

அரைக்கும்போது சூடேறினால் மணம் குன்றும் என்பதால், பல கைவினைஞர்கள் மெதுவாகச் சுழலும் கல் திருகையையே விரும்புகின்றனர். "புதிதாக அரைத்தது, புதிதாகப் பிசைந்தது, புதிதாக வேகவைத்தது" என்னும் மூன்றும் நல்ல சோபாவின் இலக்கணமாகச் சொல்லப்படுகின்றன. இதனை "சான்-தாதே" என்பர்.

ஒட்டும் தன்மை

கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் வலைப்பின்னலை உண்டாக்குகின்றன. மாவு இழுபடுவதற்கு அதுவே காரணம். பக்வீட்டில் குளூட்டன் இல்லை. அதிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி நீரில் கரைந்து சிறிதளவு பசைத்தன்மையைத் தருகிறது. அப்பசை மட்டுமே மாவுத் துகள்களை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. எனவே எல்லாத் துகள்களுக்கும் நீர் சீராகச் சென்று சேராவிட்டால், சேராத இடத்தில் இழை அறுந்துவிடும்.

இக்குறையை ஈடுசெய்யப் பிணைப்புப் பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. கலவை விகிதத்தைப் பொறுத்துச் சோபாவின் பெயர் வேறுபடும்.

- ஜூவாரி: பக்வீட் மாவு மட்டும்.
- நி-ஹச்சி: 8 பங்கு பக்வீட் மாவும் 2 பங்கு கோதுமை மாவும்.
- சோத்தோ-நி: 10 பங்கு பக்வீட் மாவுக்கு 2 பங்கு கோதுமை மாவு.

நி-ஹச்சி என்னும் பெயர் மாவின் விகிதத்தைக் குறிப்பதாகவும், எடோ காலத்தில் ஒரு கிண்ணத்தின் விலையாக இருந்த 16 மொன் (2 × 8) என்னும் காசுக் கணக்கைக் குறிப்பதாகவும் இரு வேறு கருத்துகள் உள்ளன. கோதுமைக்குப் பதிலாக மலை வள்ளிவகைக் கிழங்கு, முட்டை, கடற்பாசி ஆகியவற்றைச் சேர்ப்பதும் உண்டு.

புரதம் மிகக் குறைந்த சராஷினா மாவைக் குளிர்ந்த நீரால் பிணைப்பது அரிது. இதற்குக் கொதிநீர் விட்டு மாச்சத்தைப் பசையாக்கிப் பிசையும் "யுகோனே" என்னும் முறை பயன்படுகிறது. இடியாப்பத்துக்கு அரிசி மாவில் கொதிநீர் விட்டுப் பிசைவதும் இதே அடிப்படையிலேயே. ஆனால் இடியாப்ப மாவு அச்சின் வழியாகப் பிழியப்படுகிறது. கொரியாவின் நெங்மியோன் என்னும் பக்வீட் நூடுல்சும் அவ்வாறே பிழியப்படுவது. சோபா மாவோ விரித்து வெட்டப்படுவதால், அது கிழியாமல் தாளாகப் பரவும் அளவுக்குப் பிணைந்திருக்க வேண்டும்.

வரலாறு

722 ஆம் ஆண்டு, வறட்சியை முன்னிட்டுப் பக்வீட் முதலியவற்றைப் பயிரிடுமாறு பேரரசி கென்ஷோ ஆணையிட்டதாக "ஷோக்கு நிஹோங்கி" என்னும் வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. தொடக்கத்தில் இத்தானியம் கஞ்சியாகவும், சூடான நீரில் மாவைக் கிளறிச் செய்யும் "சோபாகாக்கி" என்னும் களியாகவும் உண்ணப்பட்டது. நூடுல்ஸ் வடிவத்துக்குப் பழமையான சான்றாகக் கருதப்படுவது, இன்றைய நாகானோ மாநிலத்தின் கிசோ பகுதியிலுள்ள ஜோஷோஜி என்னும் பௌத்தக் கோயிலின் 1574 ஆம் ஆண்டுப் பதிவாகும். கோயில் திருப்பணியின்போது சோபாகிரி வழங்கப்பட்டதை அது குறிக்கிறது.

எடோ காலத்தில் (1603–1868) சோபா, எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) அன்றாட உணவாயிற்று. கோதுமை மாவு கலக்கும் வழக்கம் பரவுவதற்கு முன், எளிதில் உடையும் இழைகளை நீரில் வேகவைக்காமல் ஆவியில் அவிப்பதும் உண்டு. அவிக்கப் பயன்பட்ட "செய்ரோ" என்னும் தட்டின் பெயர், குளிர்ந்த சோபாவைப் பரிமாறும் தட்டுக்கு இன்றும் வழங்குகிறது. 1860 ஆம் ஆண்டில் எடோவில் 3,763 சோபாக் கடைகள் இருந்ததாக "மொரிசதா மன்கோ" என்னும் நூல் கூறுகிறது. இரவில் தோளில் சுமந்து விற்றவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. தீட்டிய வெள்ளை அரிசியையே உண்டதால் எடோவில் பரவலாக இருந்த பெரிபெரி நோய்க்கு, உயிர்ச்சத்து பி1 அடங்கிய சோபா ஓரளவு தடுப்பாக அமைந்தது எனக் கருதப்படுகிறது.

சராஷினா, யாபு, சுனாபா ஆகிய மூன்றும் புகழ்பெற்ற கடை மரபுகளாகும். சுனாபா ஒசாக்காவில் தோன்றியது. யாபு மரபைச் சேர்ந்த கண்டா யாபு சோபா 1880 இல் நிறுவப்பட்டது. 2013 இல் தீக்கிரையான அதன் கட்டிடம் மீண்டும் எழுப்பப்பட்டு 2014 இல் திறக்கப்பட்டது.

கருவிகள்

- கிபாச்சி: மாவு பிசைவதற்கான அகன்ற, ஆழமற்ற மரத்தட்டு. பெரும்பாலும் அரக்குப் பூசப்பட்டது.
- நொபெஇதா: மாவை விரிப்பதற்கான பெரிய பலகை.
- மெம்போ: நீண்ட உருளைக்கட்டை. எடோ முறையில் விரிப்பதற்கு ஒன்றும் சுருட்டிவைக்க இரண்டுமாக மூன்று பயன்படும்.
- கோமாஇதா: வெட்டும்போது கத்தியை வழிநடத்தும், விளிம்பு உயர்ந்த சிறு பலகை.
- சோபாக் கத்தி: நேரான, அகன்ற அலகு கொண்ட கனமான கத்தி. அலகு கைப்பிடிக்கு அடியிலும் நீண்டிருக்கும்.

செய்முறை

கீழே தரப்படுவது எடோ முறையாகும். 400 கிராம் பக்வீட் மாவும் 100 கிராம் கோதுமை மாவும் கொண்டு செய்தால் ஏறத்தாழ 5 பேருக்குப் போதும்.

நீர் கலத்தல்

இரு மாவுகளையும் சலித்து மரத்தட்டில் கலந்துகொள்ள வேண்டும். தேவைப்படும் நீர், மாவின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு. மாவின் ஈரப்பதம், அரைத்த விதம், அன்றைய வானிலை ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். முதலில் பாதிக்கு மேற்பட்ட நீரை ஊற்றி, விரல்களை விரித்து, விரல் நுனிகளால் வட்டமாக விரைந்து கிளற வேண்டும். இந்நிலையில் மாவை அழுத்தவோ பிசையவோ கூடாது. மாவு முதலில் ரொட்டித்தூள் போலாகும். எஞ்சிய நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க, அது மணிகளாகவும் பின்னர் சிறு உருண்டைகளாகவும் திரளும். நிறம் அடர்ந்து மணம் எழும். இறுதி நீர் துளித் துளியாகவே சேர்க்கப்படும்.

"மிசுமவாஷி" எனப்படும் இப்படிநிலை சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றாலும், இதுவே மிகக் கடினமானது. நீர் குறைந்தால் மாவின் விளிம்பு வெடிக்கும். இழைகள் குட்டையாக ஒடியும். நீர் மிகுந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். அப்போது உலர்ந்த மாவைச் சேர்த்துச் சரிசெய்ய முயன்றால், புதிய மாவுக்கு நீர் சீராகச் சேராமல் பிணைப்பு மேலும் கெடும்.

பிசைதல்

உருண்டைகளை ஒன்றுசேர்த்து, மேற்பரப்பு வழவழப்பாகும் வரை பிசைய வேண்டும். பின்னர் விளிம்புகளை நடுநோக்கி மடித்து அழுத்தும்போது செவ்வந்திப் பூவிதழ் போன்ற மடிப்புகள் உண்டாவதால் இது "கிகுனேரி" (செவ்வந்திப் பிசைவு) எனப்படுகிறது. அடுத்து மாவைக் கூம்பாக உருட்டி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவர். கூம்பை மேலிருந்து அழுத்தினால் தட்டையான வட்டம் கிடைக்கும். குளூட்டன் வலுப்பெறுவதற்காகக் கோதுமை மாவைப் பிசைந்து நெடுநேரம் ஊறவைப்பது போல இதனை வைப்பதில்லை. உலர்வதற்குள் அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும்.

விரித்தல்

பலகையில் மாவு தூவி, முதலில் கையாலும் பின்னர் உருளைக்கட்டையாலும் வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். அதன்பின் வட்டம் சதுரமாக்கப்படுகிறது. இதற்கு "யொத்சுதாஷி" (நான்கை வெளிக்கொணர்தல்) என்று பெயர். வட்டத்தைக் கட்டையில் சுருட்டி முன்னோக்கி உருட்டும்போது சுருட்டிய திசையில் மாவு நீண்டு இரு முனைகள் தோன்றும். 90 பாகை திருப்பி மீண்டும் உருட்ட மற்ற இரு முனைகளும் வெளிப்படும். வட்டமாகவே விட்டால் ஓரங்களில் குட்டையான இழைகள் மிகும்; சதுரமாக்கினால் எல்லா இழைகளும் ஒரே நீளத்தில் அமையும். இறுதியில் தடிப்பு எங்கும் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டராக வரும்வரை விரிப்பர்.

வெட்டுதல்

தாளைப் பல மடிப்புகளாக மடித்து, இடையிடையே ஒட்டாமலிருக்க மாவு தூவி, கோமாஇதாவை மேலே வைப்பர். கத்தியை அதன் எடையாலேயே முன்னோக்கி இறக்க வேண்டும். வெட்டி முடிந்ததும் கத்தியைச் சற்றே சாய்க்க, அது கோமாஇதாவை மயிரிழை அளவு தள்ளும். அச்சாய்வே அடுத்த இழையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு சுன் (3.03 செ.மீ) அகலத்தை 23 இழைகளாக வெட்டுவது எடோ முறையின் அளவாகும். அதாவது ஓர் இழை ஏறத்தாழ 1.3 மி.மீ. அகலம் இருக்கும். இழைகள் சமமாக இல்லாவிட்டால் மெல்லியவை குழைந்தும் தடித்தவை வேகாமலும் போகும்.

வேகவைத்தல்

அகன்ற பாத்திரத்தில் நிறைய நீரைக் கொதிக்கவைத்துச் சிறிது சிறிதாக இழைகளை உதிர்த்துப் போட வேண்டும். கிளறினால் ஒடிந்துவிடும் என்பதால் கொதியே இழைகளைச் சுழற்ற விடப்படுகிறது. மெல்லிய இழைகள் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். உடனே குளிர்ந்த நீரில் அலசி, மேலுள்ள வழவழப்பை நீக்கி, பனிக்கட்டி நீரில் இறுக்கி வடிக்க வேண்டும்.

"ஒன்று தட்டு, இரண்டு விரிப்பு, மூன்று கத்தி" என்பது இத்தொழிலில் வழங்கும் மொழியாகும். தட்டில் நடக்கும் வேலையைக் கற்க மூன்று ஆண்டுகள், விரிக்க மூன்று மாதங்கள், வெட்ட மூன்று நாட்கள் என்றும் கூறுவர். பார்ப்பவரைக் கவர்வது கத்தி வேலை. ஆனால் நீர் கலப்பதில் நேர்ந்த பிழையைக் கத்தியால் திருத்த முடியாது.

பரிமாறுதல்

குளிர்ந்த சோபாவை மூங்கில் தட்டில் வைத்து, "த்சுயு" என்னும் சாற்றில் தோய்த்து உண்பர். சோயா சாறு, சர்க்கரை, மிரின் ஆகியவற்றைக் கலந்து சில நாட்கள் வைத்த "காஎஷி"யுடன், உலர்த்திய சூரை மீனிலிருந்து எடுத்த சாற்றைச் சேர்த்து இது செய்யப்படுகிறது. உறிஞ்சும் ஒலியுடன் உண்பது இங்கு இழுக்காகக் கருதப்படுவதில்லை. சோபா வெந்த நீர் "சோபாயு" எனப்படும். நீரில் கரையும் புரதமும் ருட்டின் முதலியனவும் அதில் இறங்கியிருக்கும். எஞ்சிய சாற்றில் அதனை ஊற்றி இறுதியில் பருகுவர். ஆண்டின் கடைசி இரவில் சோபா உண்பது ஜப்பானில் பரவலான வழக்கமாகும்.

வட்டார வகைகள்

- தொகாகுஷி சோபா (நாகானோ): சிறு சிறு கற்றைகளாகத் தட்டில் அடுக்கப்படுவது.
- இசுமோ சோபா (ஷிமானே): முழுப் பருப்பு மாவால் ஆனதால் கருமையானது. அடுக்கு வட்டப் பெட்டிகளில் வரும்.
- வாங்கோ சோபா (இவாத்தே): ஒரு வாய் அளவான சோபா, உண்பவர் கிண்ணத்தை மூடும்வரை மீண்டும் மீண்டும் இடப்படும்.
- ஹெகி சோபா (நீகாத்தா): பிணைப்புக்கு ஃபுனோரி என்னும் கடற்பாசி சேர்க்கப்படுவது.

இயந்திரமும் கைவினையும்

1883 இல் சாகாவைச் சேர்ந்த மசாக்கி தெருசாத்தோ நூடுல்ஸ் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 1923 ஆம் ஆண்டின் பெரும் காண்டோ நிலநடுக்கத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தின்போது சோபாக் கடைகளில் இயந்திரங்கள் பரவின. உருளைகள் கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்கக் கோதுமை மாவு உதவியதால் அதன் பங்கும் கூடியது. ஜப்பானின் குறியீட்டு விதிகளின்படி, பதப்படுத்தாத ஈரநூடுல்சில் பக்வீட் மாவு 30 விழுக்காடு இருந்தாலே அதனைச் சோபா என விற்கலாம்.

கைவினை மீண்டும் தழைத்ததில் கத்தாகுரா யாசுவோவுக்கு (1904–1995) முக்கிய பங்குண்டு. 1926 இல் டோக்கியோவில் "இஸ்ஸான்" என்னும் கடையைத் தொடங்கிய இவர், ஆசானின் கைப்பழக்கமாக மட்டுமே இருந்த நுட்பங்களைக் காரணத்தோடு விளக்கிப் பலருக்குக் கற்பித்தார். 1997 முதல் தொழில்முறை சாராத ஆர்வலர்களுக்கும், தற்காப்புக் கலைகளில் உள்ளது போன்ற "தான்" படிநிலைத் தேர்வுகள் நடத்தப்படுகின்றன. வரையறுத்த நேரத்துக்குள் நீர் கலப்பது முதல் வெட்டி முடித்துத் துப்புரவு செய்வது வரை இதில் மதிப்பிடப்படுகிறது.

ஒவ்வாமை

பக்வீட் சிலருக்குக் கடுமையான, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஜப்பானில் உணவுப் பொதிகளில் கட்டாயம் குறிப்பிடப்பட வேண்டிய பொருட்களுள் இதுவும் ஒன்று. ஒரே பாத்திரத்தில் வெந்த பிற நூடுல்சும், காற்றில் பறக்கும் மாவும்கூட ஒவ்வாமையைத் தூண்டலாம். குளூட்டனைத் தவிர்ப்பவர்கள், பெரும்பாலான சோபாவில் கோதுமை கலந்திருப்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- உடோன்
- ராமென்
- நெங்மியோன்
- இடியாப்பம்