பேஜார்

கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் தோளில் தட்டி "பேஜாராவண்டா" என்றால் சென்னைக்காரர் விழிப்பார். சொன்னவர் சொன்னது "கவலைப்படாதே" என்று. கேட்டவர் காதில் அது "பேஜார் பண்ணாதே" என்றுதான் விழும். ஆறுதல் சொன்னவரிடமே "நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டுவைப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு வசதியான ஊர் கொச்சிப் பக்கத்து ஏலூர். பெரியாற்றின் நடுவே கிடக்கும் தீவு. திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்நின்று 1943இல் தொடங்கிய ஃபாக்ட் நிறுவனம் அங்கே 1947இல் உரம் தயாரிக்க ஆரம்பித்தது. ஆலைகள் வந்தால் ஊர் ஊராகப் பேச்சும் வந்து சேரும். ஆனால் ஏலூர்க்காரருக்கு பேஜார் வடக்கத்திச் சொல், மலபார்க்காரர் வாயில் புழங்குவது. தொல்லைக்கு அவர் சொல்வது 'சல்யம்'. நம்முடைய கொசுத்தொல்லை அங்கே 'கொதுகு சல்யம்'. சல்யம் என்றால் வடமொழியில் உடம்பில் தைத்த முள், அம்புமுனை. அதைப் பிடுங்கி எடுக்கும் வைத்தியம் என்பதால்தான் ஆயுர்வேதத்தில் அறுவை மருத்துவத்துக்கு 'சல்ய தந்திரம்' என்று பெயர். கொசுவுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்துவிட முடியாது.

பேஜாருக்குச் சொந்த ஊர் பாரசீகம். அங்கே அது மனிதனின் நிலையைச் சொல்லும் அடைமொழி: சலித்துப்போன, வெறுத்து ஒதுங்கிய. நடுவில் இருந்த, வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி தெற்கே வந்ததும் ஜகரமாகிவிட்டது. நவாப் வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியபோது தர்பார் மொழி பாரசீகம்; சிப்பாயும் சமையற்காரரும் பேசியது தக்கனி. பேமானி, உஷார், குஷி எல்லாம் சென்னைத் தெருவில் இறங்கிய கூட்டத்தில் இதுவும் ஒன்று.

வந்த இடமெல்லாம் அது ஒரே வேலையைச் செய்யவில்லை. கன்னடத்தில் பேஜாரு என்றால் சலிப்பு, மனவருத்தம். பெங்களூரில் "பேஜாரு மாட்கோபேடி" என்று கேட்டுக்கொள்வது, மனம் நோகாதீர்கள் என்பதற்காக. மலபாரில் அது பதற்றம். மராத்தியிலும் குஜராத்தியிலும் நொந்துபோனவனே பேஜார். கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் பேசப்படும் மட்டாஞ்சேரியில் இந்தச் சொல்லை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

இங்கெல்லாம் பேஜார் ஆளுக்கு உள்ளே இருக்கிறது. சென்னைதான் அதைப் பிடித்து வெளியே தள்ளியது. தண்ணி லாரி வரவில்லையா, "ஒரே பேஜாரா கீதுபா." ரேஷன் கடையில் பில் போடும் மெஷின் நின்றுவிட்டதா, பேஜார். வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் அந்த ஆளே "பேஜார் புடிச்சவன்". குற்றம் என் மனசில் இல்லை, உன்னிடம் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஊர் இது. அன்றாடம் அதிகாரத்தோடும் தண்ணீரோடும் மல்லுக்கு நிற்பவர்களின் பேச்சில் சொல் அப்படித் திரும்பியது நியாயம்தான் என்பேன்.

தொந்தரவும் இப்படிப் புரண்ட சொல்தான். தெலுங்கில் 'தொந்தர' என்றால் அவசரம். கன்னடத்தில் 'தொந்தரே' இடைஞ்சல். அவசரப்படுத்துகிறவனைவிடப் பெரிய தொந்தரவு வேறு எது?

தொல்லைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாதர்' (bother) 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து எழுத்தாளர்கள் வழியாக ஏட்டில் ஏறியது. 'ஹாசில்' (hassle) அமெரிக்காவில் 1940களில் பரவிய பேச்சுச் சொல். இரண்டுமே நம் ஊர்த் தெருவில் பேஜாரின் இடத்தைப் பிடிக்கவில்லை.

பிடித்தது 'டென்ஷன்'. அதுவும் உள்ளே இருக்கும் இறுக்கத்தின் பெயர்தான். "டென்ஷன் ஆகாதே" என்பதில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் சென்னையில் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள்: "யோவ், டென்ஷன் பண்ணாதய்யா!"