மண் திட்டும் மணிக்கணக்கும்

போன வாரம் தவளக்குப்பம் டீக்கடையில் பொக்லைன் ஓட்டும் தம்பி ஒருவர் தன் செல்போனைக் காட்டினார். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எவ்வளவு நேரம் வேலை செய்யாமல் எஞ்சின் மட்டும் உறுமியது, டீசல் எவ்வளவு போனது, எல்லாம் அதில் வருகிறது. "ஓனர் வீட்ல இருந்தே பாத்துடுவாரு சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நம் பக்கம் மண் வேலை பழைய வேலை. சோழர் காலத்திலேயே உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்தது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் கையால் வெட்டியதுதான். எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் மண்வெட்டி, கடப்பாரை, கூடைதான். குழியின் நடுவே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டுவிடுவார்கள். அதன் உயரத்தை டேப் வைத்து அளந்தால் ஆழம் தெரியும், அதை வைத்துத்தான் கூலி. திட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். நான் அரை அடி குறைத்து எழுதினால் கூடை சுமக்கும் அம்மாவே கேட்டுவிடுவார்.

பிறகு இயந்திரம் வந்தது. பொக்லைன் என்பதே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். 1979ல் ஹரியானாவின் பல்லப்கரில் ஜேசிபி தொழிற்சாலையும் தொடங்கியது. திட்டு போய் மணிக்கணக்கு வந்தது.

ஒரு சாலை வேலை நினைவுக்கு வருகிறது. ஒரு டிப்பரை நிரப்ப 5 நிமிடம், அது மண்ணைக் கொட்டித் திரும்ப 20 நிமிடம். ஆக 25 நிமிடச் சுற்றுக்கு 5 டிப்பர் வேண்டும். இருந்ததோ 3. ஒவ்வொரு சுற்றிலும் 10 நிமிடம் இயந்திரம் சும்மா நின்றது. எட்டு மணி நேரத்தில் மூன்று மணிக்கு மேல் வீண். நான் எட்டு மணி என்றே கையெழுத்துப் போட்டேன். கேட்க அங்கே யாருமில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவு செய்வது இந்தக் கணக்கைத்தான். மழை பெய்தால், ரயில்வே கேட் மூடினால் 20 நிமிடம் 35 ஆகும். அப்போது 8 டிப்பர் வேண்டும். ஜிபிஎஸ் தரும் தகவலை வைத்து அது அவ்வப்போது கணக்கை மாற்றிப் போடுகிறது. லக்னோ–கான்பூர் விரைவுச்சாலையில் ஜிபிஎஸ் வழிகாட்டும் கிரேடரையும், மண் எவ்வளவு இறுகியது என்று தானே சொல்லும் ரோலரையும் சோதனையாகப் பயன்படுத்தினார்கள்.

நல்லதுதான். என் போன்றவர்களின் கையெழுத்தைவிட நம்பலாம். ஆனால் ஒன்று. டிப்பர் வராமல் வண்டி நின்றால் அது அந்தத் தம்பியின் சோம்பல் அல்ல. திரை முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் பழி அவர் தலையில் விழும். மண் திட்டைப் போல, கணக்கு குழியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும்.