கேஸ் ஷீட்டும் நோயாளியும்

1955 ஜூலை 13இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரும் ஒரு வார்டு சிஸ்டரும் படுக்கையில் விழுந்தார்கள். பன்னிரண்டே நாட்களில் எழுபது பேருக்கு மேல். ஆஸ்பத்திரியை அக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. நவம்பருக்குள் 292 ஊழியர்கள். ஏற்கெனவே அங்கு சிகிச்சையிலிருந்தவர்களில் 12 பேருக்கே அது வந்தது. தலைவலி, தசைவலி, பலவீனம். கிருமி அகப்படவில்லை. அடுத்த ஆண்டு 'லான்செட்' பத்திரிகை 'தீங்கற்ற மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ்' என்று ஒரு பெயரைப் பிரேரித்தது. யாரும் சாகவில்லை, அதனால் தீங்கற்றது. சிலர் முழுதாக மீளவுமில்லை என்பது பெயருக்குள் வரவில்லை.

1970இல் மெக்கெவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லில் இதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றார்கள். பெண்களையே அதிகம் பீடித்தது என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. நோயாளிகளை அவர்கள் விசாரிக்கவில்லை. பழைய கேஸ் ஷீட்டுகளை வாசித்தார்கள்.

பிரதி போதும், ஆசிரியன் வேண்டாம் என்று வாதாடியவன் நான். இந்த இடத்தில் எனக்குச் சங்கடம் வருகிறது. கேஸ் ஷீட்டை எழுதியது நோயாளி அல்ல. தன்னைப் பற்றி இன்னொருவர் எழுதிய பிரதிக்குள் அவள் பாத்திரம் மட்டுமே. பாத்திரம் எழுந்து ஆட்சேபித்தால் அதுவும் நோயின் லட்சணமாகிவிடும்.

ஆட்சேபித்தார்கள். 1976இல் பிரிட்டனில் எம்.இ. சங்கம் தோன்றியது. அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் மெல்வின் ராம்சே அவர்கள் பக்கம் நின்றார். 1988இல் அமெரிக்காவில் 'நாட்பட்ட களைப்பு நோய்க்குறித்தொகுதி' என்று வேறு பெயர் வந்தது. களைப்பு யாருக்குத்தான் இல்லை? பெயரே நோயைச் சில்லறையாக்கிவிட்டது.

2011இல் 'பேஸ்' என்ற பெரிய ஆய்வு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் பலன் தருகின்றன என்றது. உழைத்தால் நோய் கூடுகிறது என்பது நோயாளிகளின் அனுபவம். அவர்கள் ஆய்வின் மூல எண்களைக் கேட்டார்கள், மறுப்பு. 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. ஆய்வாளர்கள் முதலில் வகுத்திருந்த அளவுகோலை வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது குணமானவர்கள் தொகை வெகுவாகச் சுருங்கியது. அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நோயாளிகளும் உண்டு. 2021இல் பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனம் அந்த உடற்பயிற்சி முறையைத் தன் நெறிமுறைகளிலிருந்து விலக்கியது.

காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. நோயாளி சொல்வதெல்லாம் சரி என்பதும் என் வாதமல்ல. வாசிப்பதற்கு முன் கேட்டிருக்கலாம். 1970இல் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்களில் பலர் உயிரோடிருந்தார்கள்.