குதிரையின் நான்கு கால்களும் ஒரு வழக்கும்

போன மாதம் இங்கே நாக்பூரில் மகளின் பள்ளி விளையாட்டு விழா. நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். நான் எடுத்த பதினாறு படங்களில் ஒன்றில் அவள் பின்னல், ஒன்றில் முழங்கை, மீதியெல்லாம் புழுதி. "நான் எங்கப்பா?" என்றாள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு அனுப்ப ஒன்றுகூடத் தேறவில்லை.

வெட்கத்தில் படிக்க ஆரம்பித்தபோது சிக்கியவர்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா? இது கலிபோர்னியாவின் ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் சந்தேகம். (பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டினார் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது.) 1878 ஜூனில் அவருடைய பாலோ ஆல்டோ பண்ணையில் ஓட்டப்பாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார் மைபிரிட்ஜ். பாதையின் குறுக்கே நூல்கள். குதிரை நூலை அறுத்ததும் மின்சாரத்தால் அந்தந்தக் கேமராவின் ஷட்டர் இயங்கும். அவர் கணக்குப்படி வினாடியில் 2000-ல் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அதுவும், ரசாயனம் பூசிய ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய கண்ணாடித் தகடுகளில்! வெளிச்சம் போதாதென்று பின்னால் வெள்ளைத் தடுப்பு வேறு.

கால்கள் எழுந்தது உண்மைதான். ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கியபடி.

கேமரா குதிரையைத் துரத்தவே இல்லை, கவனித்தீர்களா? குதிரை வரும் இடத்தில் காத்திருந்தது.

1882-ல் ஸ்டான்ஃபோர்டு தன் நண்பரான டாக்டர் ஸ்டில்மனை வைத்து இந்த ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். தலைப்புப் பக்கத்தில் மைபிரிட்ஜ் பெயர் இல்லை. அதைப் பார்த்த லண்டன் ராயல் சொசைட்டி, அவருடைய கட்டுரையை வெளியிடுவதிலிருந்து பின்வாங்கியது. வழக்குப் போட்டார், தோற்றார். பணம், குதிரை, பண்ணை, ஷட்டர் பொறியமைப்புக்கு உதவிய ரயில்வே இன்ஜினியர் ஐசக்ஸ், எல்லாம் ஸ்டான்ஃபோர்டு தந்தவைதான். கடன் கொடுக்கும் பக்கமே இருபது வருடம் உட்கார்ந்தவன் நான். முதல் போட்டவருக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேரேட்டில் ஒருவர் கணக்கையே எழுதாமல் விட்டால், எங்கள் ஆடிட்டர் அதை மறதி என்று ஏற்கமாட்டார்.

மனிதர் ஓயவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடர்ந்து, 1887-ல் 781 தகடுகளாக வெளியிட்டார்.

போன ஞாயிறு குடியிருப்பு மைதானத்தில் மகளை ஓடச் சொன்னேன். சாக்பீஸ் கோட்டில் ஃபோகஸை முன்கூட்டியே நிறுத்தி, ஷட்டரை 1/1000-ல் வைத்துக் காத்திருந்தேன். மூன்றாவது ஓட்டத்தில் இரண்டு காலும் தரையில் இல்லாமல் முழுசாக விழுந்தாள். தாத்தாவுக்கு அனுப்பும்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது: "கோடு போட்டது நான்னு எழுதுங்கப்பா."

எழுதினேன்.